சேற்றுக்கு ஓராண்டு போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் உயர்கல்விப் பக்கத்தில் ஏரிப் படிவு ஆய்வில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய வாய்ப்புகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஏரிக்கு அடியில் கிடக்கும் சேற்றைப் பற்றி நாளிதழ் எழுதுவதே அபூர்வம், அதற்கு நன்றி. ஆனால் ‘ஓராண்டு ஒப்பந்தம், பாடம் நடத்தும் அனுபவமும் கிடைக்கும்’ என்ற வரியைக் கட்டுரை போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டது. இத்துறையில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) முடித்து, இப்போது இதையே கற்பித்து வருகிறவள் என்ற முறையில் அந்த வரி என்னை உறுத்தியது.

ஏரியில் குழாயை இறக்கிச் சேற்றை உருளையாக எடுப்பதுதான் எல்லோரும் படத்தில் பார்ப்பது. வானிலை ஒத்துழைத்தால் அது சில நாள் வேலை. அப்புறம்தான் காத்திருப்பு. எந்த அடுக்கு எந்த ஆண்டில் படிந்தது என்று தெரியாதவரை அது வெறும் சேறுதான். கடைசி நூறு, நூற்றைம்பது ஆண்டுகளைக் கணிக்கக் காரீயம்-210 என்ற கதிரியக்க ஈயம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்போம். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 22 ஆண்டுகள். காமாக் கதிர்களை எண்ணும் கருவியில் அளப்பதற்கு முன், உலர்த்திய மாதிரியைக் காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரமாவது வைக்க வேண்டும். உள்ளே ரேடியமும் அதிலிருந்து வரும் ரேடான் வாயுவும் சமநிலைக்கு வராமல் கணக்குப் போட முடியாது. பிறகு ஒவ்வொரு மாதிரியும் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் கருவியிலேயே கிடக்கும். ஓர் உருளையிலிருந்து இருபது மாதிரி என்றால், கருவி நமக்கு மட்டுமே கிடைத்தாலும், மூடி வைக்கும் மூன்று வாரத்தையும் சேர்த்து ஒன்றரை, இரண்டு மாதம் ஓடிவிடும். கருவி யாருக்கும் அப்படிக் கிடைப்பதில்லை! இதற்கு மேல், அணுகுண்டுச் சோதனைகளால் 1963 வாக்கில் உச்சம் தொட்ட சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளை வைத்துச் சரிபார்க்க வேண்டும். இன்னும் பழைய அடுக்குகள் என்றால், உயிர்ப்பொருளில் உள்ள கதிரியக்கக் கார்பனை அளந்து வயது சொல்லும் ரேடியோகார்பன் முறைக்கு இலைத் துணுக்கோ விதையோ தேடிப் பொறுக்க வேண்டும்.

ஜப்பானின் சுய்கெட்சு ஏரியில் 2006-இல் துளையிட்டு எடுத்த உருளைகளின் ரேடியோகார்பன் வரிசை 2012-இல்தான் வெளிவந்தது. பெரிய குழு, தேர்ந்த ஆட்கள், ஆண்டு ஆண்டாக அடுக்கு தெரியும் அருமையான ஏரி. அங்கேயே ஆறு ஆண்டு என்றால், தனியாளாக ஓராண்டில் என்ன செய்வது? ஆய்வுக் கட்டுரை எழுதும் கட்டத்தில் ஒப்பந்தம் முடிந்து, அடுத்த வேலை தேடிக்கொண்டே இரவில் எழுதுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, பாடம் நடத்தும் அனுபவம்? நான் முதலில் சேர்ந்த இடத்தில் அதற்கு அர்த்தம், பேராசிரியர் ஊரில் இல்லாத நாளில் வகுப்பைப் பார்த்துக்கொள்வதும் ஆய்வகக் குறிப்பேடுகளைத் திருத்துவதும்தான். கால அட்டவணையில் என் பெயர் கிடையாது. பின்னால் ஒரு நேர்காணலில் ‘நீங்கள் நடத்திய பாடம் எது?’ என்று கேட்டபோது, காட்ட ஒரு தாள்கூடக் கையில் இல்லை.

எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம், இது கற்பித்தே தீர வேண்டிய துறை என்பதுதான். டயட்டம் என்ற நுண்பாசிகளின் கண்ணாடி ஓடுகளை, ஒரு மாதிரிக்கு முந்நூறு நானூறு என்று, இனம் பிரித்து எண்ண வேண்டும். படங்களை மட்டும் பார்த்து அது வராது. தெரிந்தவர் நுண்ணோக்கியில் பக்கத்தில் உட்கார்ந்து ‘இது அதில்லை, ஓரத்தில் கோடுகளைப் பார்’ என்று சொல்ல வேண்டும். நீரின் அமிலத்தன்மைக்கு ஏற்ப டயட்டம் இனங்கள் மாறும்; ஸ்காட்லாந்து ஏரிகள் சில அமிலமாகத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், நிலக்கரிப் புகைக் காலத்தில் என்று காட்டியது இந்த எண்ணிக்கைதான். சேற்றிலிருந்து மகரந்தத்தூளைப் பிரிக்கப் பல சமயம் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் என்ற மிக ஆபத்தான அமிலம் தேவைப்படும். மேற்பார்வை இல்லாமல் புதியவரை அதன் பக்கத்தில் விடவே கூடாது.

உருளையை நீளவாக்கில் பிளக்கும் நாளில் என் வகுப்பில் யாரும் விடுப்பு எடுப்பதில்லை. முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். கறுப்பும் சாம்பலுமாக மெல்லிய கோடுகள் தெரியும். காற்றுப் பட்டதும் கறுப்பு மங்கிப் பழுப்பாகத் தொடங்கிவிடும் என்பதால் ‘படம் எடு, நிறத்தைக் குறி’ என்று நான் கத்திக்கொண்டிருப்பேன். மூக்கைப் பொத்திக்கொண்டே குனிந்து பார்க்கும் பிள்ளைகளில் சிலர்தான் பிறகு ஆய்வுக்கு வருகிறார்கள். இதை நடத்துகிறவர் போஸ்ட்டாக் என்றால், அது அவர் பெயரில் பதிவாக வேண்டும், ஊதியத்திலும் தெரிய வேண்டும்.

புதிதாகத் துளையிடுவதுதான் ஆய்வு என்றும் இல்லை. பல நிறுவனங்களின் குளிர்அறைகளில் பழைய உருளைகள் பாதி பார்த்த நிலையில் கிடக்கின்றன. குறுகிய ஒப்பந்தம்தான் தர முடியும் என்றால், காலக்கணிப்பு முடிந்த உருளை ஒன்றைக் கையில் கொடுத்துத் தொடங்கச் சொல்லலாம்.

அடுத்த முறை இத்தகைய வாய்ப்புகளை வெளியிடும்போது, ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, காலக்கணிப்புச் செலவு திட்ட நிதியில் இருக்கிறதா, பாடவேளை பணியில் சேருமா என்று அந்நிறுவனங்களைக் கேட்டு, பதிலையும் சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏரிப் படிவு ஆய்வாளர் ஒருவர்