பழைய டயரை ஏன் கேட்டு வாங்குகிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கமும் ஸலாமும்.

ஒரு மாதமாகக் கடைக்கு வருகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்கிறீர்கள். வெளிநாட்டுப் பழைய டயர் முன்பு மலிவாகக் கிடைத்ததே, இப்போது ஏன் இல்லை? புது டயர் பூட்டும்போது கழற்றிய பழசை ஏன் கேட்டு வாங்கி வைக்கிறீர்கள்? களுவாஞ்சிகுடியில் இருப்பவர்களுக்கு நேரில் சொல்லிவிட்டோம். பட்டிருப்புப் பாலம் தாண்டிப் படுவான்கரையிலிருந்தும், கல்முனைப் பக்கமிருந்தும் வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

போன மாரியில் எங்கள் கடையில் பஞ்சர் பார்க்கிற தம்பியின் மகளுக்கு டெங்கு வந்தது. பிள்ளை சுகமாகிவிட்டாள். ஆனால் அந்தக் கிழமை பின்வளவில் அடுக்கியிருந்த டயர்களைக் கவிழ்த்துப் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்டவற்றில் நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. கடைக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. அந்தப் பிள்ளையைக் கடித்த நுளம்பு எங்கே பிறந்தது என்று யாரும் சொல்ல முடியாது. இருந்தாலும் அதை எங்கள் தவறாகவே எடுத்துக்கொண்டோம்.

டயர் நுளம்புக்கு அளந்து செய்த தொட்டி மாதிரி. நிமிர்த்தி வைத்தாலும் படுக்க வைத்தாலும் உள்வளைவில் தண்ணீர் நிற்கும். உள்ளே இருட்டு, வெயில் படாது, கவிழ்த்தாலும் முழுதாக வடியாது. டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, டயரின் உள்சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை பல மாதம் காய்ந்து கிடந்து, அடுத்த மழைத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அங்கிருந்து பறக்கிற நுளம்பாக ஒன்றரைக் கிழமை போதும். 2017-இல் இலங்கையில் 186,000-க்கு மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவானது. அந்த ஆண்டு கிண்ணியா பட்ட பாடு கிழக்கில் யாருக்கும் மறந்திருக்காது.

காய்ந்த முட்டையும் உயிரோடு இருப்பதால்தான் பழைய டயர் வியாபாரம் கடல் கடந்த விசயமாகிறது. 1985-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஈடிஸ் வகையைச் சேர்ந்த ஆசியப் புலி நுளம்பு குடியேறியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். ஜப்பானிலிருந்து கப்பலில் போன பழைய டயர்களோடு அது போயிருக்கிறது.

சரி, ஒரு நாடு இதைத் தடுக்க நினைத்தால் தடுக்கலாமா? பிரேசில் தடுத்துப் பார்த்தது. ரீபில்ட் டயர்கள், அதாவது தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியவை, உள்ளே வருவதை அந்த நாடு நிறுத்தியது. கார் டயரை ஒரு தடவைதான் ரீபில்ட் செய்யலாம். ரீபில்ட் செய்து வருகிற டயர் அதன் கடைசி ஓட்டத்தை ஓடத்தான் வருகிறது, சீக்கிரமே குப்பையாகிவிடும். அதே காலத்தில் ஐரோப்பிய ஒன்றியம் தன் குப்பைக் குழிகளில் முழு டயரைப் புதைப்பதைத் தடைசெய்துகொண்டிருந்தது. அங்கே புதைக்கக்கூடாத பொருள், இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்ற பெயரில் நம்மைப் போன்ற வெப்ப நாடுகளுக்கு வந்து சேர்ந்தால், நுளம்பும் நமக்கு, எரித்தால் கரும்புகையும் நமக்கு.

ஐரோப்பியத் தரப்பு 2005-இல் உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டது. 1947-ஆம் ஆண்டு காட் என்ற வர்த்தக ஒப்பந்தத்தின் 20-ஆம் விதி, மனித உயிரையும் உடல்நலத்தையும் காக்கத் தேவையான தடைகளுக்கு இடம் தருகிறது. ஆனால் அந்தத் தடை நாட்டுக்கு நாடு நியாயமில்லாமல் ஓரவஞ்சனை காட்டக்கூடாது. 2007 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பின் மேன்முறையீட்டு அமைப்பு தீர்ப்புச் சொன்னது. டெங்கு, மலேரியா, டயர் எரிகிற புகை எல்லாவற்றையும் பார்த்து, இந்தத் தடை தேவையானதுதான் என்று ஏற்றுக்கொண்டது. அப்படியும் பிரேசில் முழுதாக வெல்லவில்லை. மெர்கொசூர் என்ற தென்னமெரிக்க வர்த்தகக் கூட்டில் இருக்கும் பக்கத்து நாடுகளின் ரீபில்ட் டயருக்கு விலக்குக் கொடுத்திருந்தது. உள்ளூர் ரீபில்ட்காரர்கள் தடைக்கு எதிராக நீதிமன்ற உத்தரவு வாங்கி, வெளிநாட்டுப் பழைய கேசிங்கை (ரீபில்டுக்கு எடுக்கும் பழைய டயர் உடலை) இறக்கிக்கொண்டும் இருந்தார்கள். முன்கதவைப் பூட்டிவிட்டு வேலியில் பொட்டு விட்ட மாதிரி. எந்த நாட்டு டயர் என்று பார்த்தா நுளம்பு முட்டையிடும்? 2009-இல் பிரேசிலின் உச்ச நீதிமன்றமே பழைய டயர் இறக்குமதித் தடையை உறுதிசெய்தது.

இந்தத் தீர்ப்பு சரியானது என்றே நினைக்கிறோம். ஆனால் தன் பிள்ளைகளை நுளம்பிலிருந்து காக்க ஒரு நாடு ஜெனீவாவில் போய் வாதாட வேண்டியிருந்தது எங்களுக்கு மனவருத்தம்தான். பணக்கார நாடு தடை போட்டபோதும் அதே விதியால்தான் அளந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கடலாமை தப்பிக்கும் கருவி இல்லாத வலையில் பிடித்த இறாலை அமெரிக்கா தடுத்தபோது இந்தியா, பாகிஸ்தான், மலேசியா, தாய்லாந்து ஆகியவை முறையிட்டன. 1998 தீர்ப்பு, ஆமையைக் காக்கும் நோக்கம் சரி என்றது. கரீபியன் பக்க நாடுகளுக்கு மூன்று வருட அவகாசமும் ஆசிய நாடுகளுக்கு நாலு மாதமும் கொடுத்தது பிழை என்றது. அந்த மேன்முறையீட்டு அமைப்பு 2019 டிசம்பருக்குப் பிறகு புதிய வழக்குக் கேட்க ஆளில்லாமல் முடங்கிக் கிடக்கிறது. இலங்கை போன்ற சின்ன நாட்டுக்கு இது நல்லதல்ல. பெரிய நாட்டோடு பிணக்கு வந்தால் போய் நிற்க ஒரு இடம் வேண்டும்.

இனி எங்கள் கணக்கு. உள்ளூர் ரீபில்ட் டயரை நாங்கள் விடவில்லை, விடவும் மாட்டோம். லொறி டயரும் உழவு மெசின் டயரும் கேசிங் நன்றாக இருந்தால் ஒரு தடவைக்கு மேலும் ரீபில்ட் செய்யலாம். இங்கே ஓடிய டயரை இங்கேயே ரீபில்ட் செய்தால் இந்த மண்ணில் ஒரு குப்பை குறைகிறது. வெளியிலிருந்து பழசை இறக்கினால் ஒரு குப்பை கூடுகிறது. அதனால்தான் வெளிநாட்டுப் பழைய டயரை இந்தக் கடையில் நிறுத்தினோம். மலிவு டயரை நம்பியிருந்த ஓட்டோக்காரத் தம்பிமாருக்கு இது பாரம் என்று தெரியும். உங்களுக்குப் புது டயரின் விலையை இரண்டு தவணையாகத் தரலாம்.

பழைய டயர் ஒன்று கொண்டுவந்தால் புது டயர் விலையில் 300 ரூபாய் கழிப்போம். எங்களிடம் வாங்கியதாக இருக்க வேண்டியதில்லை. நல்ல கேசிங் ரீபில்டுக்குப் போகும். மற்றதை, சீமெந்துச் சூளைக்கு எரிபொருளாக எடுக்கிறவர்களிடம் கொடுக்கிறோம். அதுவரை பின்வளவில் இப்போது கூரை போட்டு, நனையாமல்தான் அடுக்குகிறோம். வந்து பார்க்கலாம்.

கச்சான் காற்றுக்குத் தகரம் பறக்காமல் கூரையில் டயர் ஏற்றியிருப்பவர்கள் தயவுசெய்து மாரிக்கு முன் இறக்குங்கள். இறக்க முடியாவிட்டால் துண்டுதுண்டாக வெட்டிப் போடுங்கள், அல்லது கீழ்ப்பக்கம் நாலைந்து பெரிய ஓட்டை போடுங்கள். கடையில் துளைபோடும் மெசின் இருக்கிறது, காசில்லை. தோணிக்கு அணையாகக் கட்டியிருப்பதற்கும் இதுதான் வழி. வயல் காவலில் யானைக்கென்று டயர் கொளுத்துகிற அண்ணன்மார், அந்தப் புகை முதலில் உங்கள் நெஞ்சுக்குள்தான் போகிறது. அதை எங்களிடம் தாருங்கள்.

பழுகாமம், வெல்லாவெளி, மண்டூர்ப் பக்கம் ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் எங்கள் சின்ன லொறி வரும். டயரை வாசலில் வைத்துவிட்டு, மழை வந்தால் மட்டும் ஒரு சாக்கால் மூடிவிடுங்கள்.

இப்படிக்கு,
டயர் கடையினர்,
களுவாஞ்சிகுடி