லாரிகளைத் திருப்பிவிட்டவர்களுக்கு எங்கள் ஊரின் நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர் வழியாகப் போகிற ரோட்டில் பத்துச் சக்கரமும் அதற்கு மேலும் உள்ள லாரிகளுக்குத் தடை வந்துவிட்டது. ஆறு சக்கர லாரிகளும் காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை, மாலை மூன்றரை முதல் ஐந்தரை வரை வரக்கூடாது. மற்ற நேரத்தில் வந்தாலும் லோடின் மேல் தார்ப்பாய் கட்டியிருக்க வேண்டும். இரண்டு முக்கிலும் பலகை நட்டாகிவிட்டது. இதற்கு ஒரு பாராட்டு விழா எடுத்து, மைக் செட் கட்டி, எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தலாம் என்று ஊரில் பேச்சு வந்தது. பொன்னாடைக்கு ஆகிற காசில் வாய்க்கால் பாலத்துக்கு ஒளிரும் பட்டை ஒட்டிவிடலாம் என்று முடிவானதும், நன்றி சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. சரி, எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் இருப்பது கோவை மாவட்டத்தின் தெற்கே, கிணத்துக்கடவுப் பக்கம். தென்னையும் தக்காளியும் போக இங்கே கல்குவாரிகளும் கிரஷர்களும் உண்டு. ஜல்லியும் எம்-சாண்டும் கோவைக்குப் போகின்றன. வேலந்தாவளம், கோபாலபுரம் சோதனைச்சாவடிகளைத் தாண்டிக் கேரளத்துக்கும் போகின்றன. பொள்ளாச்சி நாலுவழிச் சாலை பக்கத்திலேயே இருக்கும்போது டிப்பர்கள் எங்கள் ஊருக்குள் ஏன் புகுந்தன என்றால், கொஞ்சம் தூரம் மிச்சம். அதைவிட முக்கியம், இங்கே யாரும் நிறுத்தி எடை பார்க்க மாட்டார்கள்.

ரோட்டின் அகலம் 3.75 மீட்டர். கிராமத்து ரோடுகளுக்குப் பொதுவாக இருக்கிற அளவுதான். ஒரு லாரிக்குச் சட்டம் அனுமதிக்கிற அகலம் 2.6 மீட்டர். எதிரும் புதிருமாக இரண்டு லாரி வந்தால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் மண்ணில் இறங்கித்தான் ஆக வேண்டும். அந்த மண்ணில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடக்கிறார்கள், பால்காரர்கள் கேனை மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிறார்கள். அப்படிப் பால் சொசைட்டிக்குப் போன நம் ஊர் அண்ணன் ஒருவரைத்தான் டிப்பர் ஒதுக்கித் தள்ளியது. கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அவருக்கு முதல் நன்றி. ஊன்றுகோலோடு திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வந்து, வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் தன் காலைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், "பள்ளிக்கூடம் விடுற நேரத்துலயாவது நிறுத்துங்க சார்" என்று மட்டும் சொன்னார். பின்னால் நின்றிருந்த எங்களுக்குப் பேச ஒன்றும் மிச்சமில்லை.

அதற்கு முன்பும் மனுக்கள் கொடுத்திருக்கிறோம். ஓர் அலுவலகத்தில் எங்கள் மனு எங்கே போனது என்று அவர்களுக்கே தெரியவில்லை. பதில் வந்தபோதெல்லாம் "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்று ஒரே வரி. மனுவிலும் குறை இருந்தது என்பதை எடுத்துச் சொன்னவர் நம் ஊருக்கு மருமகளாக வந்திருக்கிற வக்கீல் அம்மணி. "கனரக வாகனத்தைத் தடை செய்யுங்க"ன்னு மொட்டையா எழுதினா எந்த அதிகாரியும் எதை வைத்து உத்தரவு போடுவார் என்று கேட்டார். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆவது பிரிவை எடுத்துக் காட்டியவரும் அவர்தான். பொதுமக்கள் பாதுகாப்புக்காகவோ, ரோட்டின் தன்மையைப் பார்த்தோ, குறிப்பிட்ட ரோட்டில் குறிப்பிட்ட வகை வண்டிகளுக்குத் தடையோ கட்டுப்பாடோ போட அரசுக்கும், அரசு அதிகாரம் கொடுத்த அதிகாரிக்கும் அதில் வழி இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்படாத கட்டுப்பாடு என்றால் அரசிதழில் வெளியிட வேண்டிய அவசியமும் இல்லை, உள்ளூரில் அறிவிப்புச் செய்தால் போதும். இதைப் பிடித்துக்கொண்டுதான் மனுவில் "முதலில் ஒரு மாதம் போட்டுப் பாருங்கள்" என்று கேட்டோம். மொத்தமாக மூடச் சொல்லி வருகிறவர்களை விட, ஒரு மாதம் பார்க்கச் சொல்லி வருகிறவர்களிடம் அதிகாரிகள் கொஞ்சம் காது கொடுக்கிறார்கள். மனு எழுதப் போகிற மற்ற ஊர்க்காரர்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ரோட்டுக்கு என்ன ஆகிறது என்பதைப் புரியவைத்தவர், நெடுஞ்சாலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றுத் தோப்பில் வந்து உட்கார்ந்திருக்கிற பொறியாளர் ஐயா. ஒரு அச்சின் மேல் ஏறுகிற எடை இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு ஆகிற சேதம் இரண்டு மடங்கல்ல, கிட்டத்தட்ட 16 மடங்கு என்றார். யாரும் நம்பவில்லை. 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தில் இதற்கென்றே ரோடு போட்டு, அதன் மேல் லாரிகளை ஓட்டி ஓட்டி உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். உலகம் முழுக்க இன்னும் அந்தக் கணக்கை ஒட்டித்தான் ரோடு போடுகிறார்கள் என்று விளக்கினார். அதாவது நம் ரோட்டைக் குழியாக்கியது காரும் டெம்போவும் இல்லை. ஒரே ஓவர்லோடு டிப்பர் போதும். அப்புறம் வாய்க்கால் பாலத்துக்குக் கூட்டிப்போய், கைப்பிடிச் சுவருக்குக் கீழே ஓடுகிற வெடிப்பில் சுண்ணாம்பால் கோடு போட்டுத் தேதி எழுதிவைத்தார். வெடிப்பு கோட்டைத் தாண்டி நீளும்போதெல்லாம் புதுக் கோடு, புதுத் தேதி. அந்தச் சுவரை எடுத்த போட்டோ மனுவோடு போனது. ஆய்வுக்கு வந்த அதிகாரி வண்டியை விட்டு இறங்கியதும் நேராகப் போய்ப் பார்த்தது அதைத்தான்.

எடைக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தவர் எடைமேடையில் வேலை செய்கிற தம்பி. அவர் பெயரைச் சொன்னால் அவர் பிழைப்புக்கு ஆகாது, அதனால் விடுகிறேன். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. எம்-சாண்ட் என்றால் ஏறக்குறைய நாலரை டன் வரும். 2018-இல் எடை வரம்பை உயர்த்திய பிறகும் பத்துச் சக்கர லாரிக்கு வண்டியும் லோடும் சேர்த்து 28.5 டன்தான் அனுமதி. நாலு யூனிட் ஏற்றினாலே ஏறக்குறைய அதைத் தொட்டுவிடும். இங்கே ஆறு யூனிட் சாதாரணமாக ஓடியது. எட்டு டன்னுக்குக் குறையாமல் கூடுதல். பிடித்தால் 20,000 ரூபாயும், கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். எட்டு டன்னுக்கு 36,000. பிடிபட்டால்தானே! பிடிக்க ஆள் இல்லாத ரோட்டைத் தேடித்தான் அவர்கள் வந்தார்கள்.

தலைமை ஆசிரியை அம்மாவுக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். கணக்குப் பாடத்தில் விவரம் சேகரிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்ததாம். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது வாசலில் போகிற லாரிகளை. நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. ஆறு சக்கரம் ஒரு கட்டத்தில், பத்து இன்னொன்றில், பன்னிரண்டு மற்றொன்றில். தார்ப்பாய் போட்டதற்குப் பச்சை, போடாததற்குச் சிவப்பு. பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்த அந்த நோட்டு அப்படியே ஆட்சியர் மேசைக்குப் போனது. அதைப் புரட்டிய பிறகு அவர் எங்களிடம் அதிகம் கேள்வி கேட்கவில்லை.

முன்னாள் தலைவர் அக்காவின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்துவிட்டது. ஊராட்சி தனி அலுவலர் பொறுப்புக்குப் போனது. இனி எனக்கென்ன என்று அவர் வீட்டில் இருந்திருக்கலாம். மே முதல் தேதி கிராம சபையில் தீர்மானம் வர வேண்டும் என்று தெருத் தெருவாகப் போய் ஆள் சேர்த்தது அவர்தான். பதவியில் இருந்தபோது அவரை நாங்கள் கொஞ்சநஞ்சம் திட்டவில்லை. அதையெல்லாம் அவர் கணக்கில் வைக்கவில்லை. தீர்மானத்தை உடனே பதிவு செய்து மேலே அனுப்பிய தனி அலுவலருக்கும் ஊராட்சிச் செயலருக்கும் நன்றி. டீக்கடை மாமா தன் கடைக் கேமராவை ரோட்டைப் பார்த்துத் திருப்பிவைத்தார். டவுன் பஸ் ஓட்டுநரும் நடத்துநரும் ஒதுங்க வழியில்லாமல் எங்கெங்கே நிற்க வேண்டியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இப்போது சொல்லப்போவது ஊரில் சிலருக்குப் பிடிக்காது. லாரி ஓட்டுநர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். பேச்சுவார்த்தைக் கூட்டத்தில் எல்லோரும் ஓட்டுநர்களைத் திட்டிக்கொண்டிருந்தபோது, அதே வேலையில் இருக்கிற நம் ஊர் அண்ணன் ஒருவர் எழுந்து, "எங்களுக்குச் சம்பளம் நடைக்கணக்குங்க. ஒரு நடை குறைஞ்சா அன்னைக்குக் கூலி குறையும். லோடு எவ்வளவுன்னு முடிவு பண்றதும் நாங்க இல்லைங்க" என்றார். முதலாளிகள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் அதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அதுவரை ஓட்டுநரா, ஊரா என்று போய்க்கொண்டிருந்த பேச்சு, எத்தனை யூனிட், எந்த வழி என்று மாறியது. கிரஷர்காரர்களில் ஒருவர் அன்றைக்கே தன் வண்டிகளை நாலுவழிச் சாலைக்கு மாற்றுவதாக ஒப்புக்கொண்டார். டீசல் செலவு அவருக்குக் கூடும். ஆனாலும் சொன்னபடி செய்தார். லாரியே ஓடக்கூடாது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. எங்கள் வீடுகளும் அதே ஜல்லியில் கட்டியவைதான்.

ஒரு மாத வெள்ளோட்டம் பள்ளிக்கூடம் திறந்த ஜூனில் ஆரம்பித்தது. ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராக அறிவித்தார்கள். முதல் வாரம் பாதி லாரிகள் பலகையைப் பார்க்காத மாதிரி வந்தன. காவல் ஆய்வாளரும் மோட்டார் வாகன ஆய்வாளரும் முறை வைத்துக்கொண்டு முக்கில் நின்றார்கள். வெயிலில் நாற்காலி கூடப் போடாமல் நின்ற இரண்டு காவலர்களுக்கு நம் ஊர்ப் பெண்கள் மோர் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதைத் தவிர யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை, அதையும் பதிவு செய்கிறேன். ரோட்டுக்குக் குறுக்கே உயரத் தடுப்பு வைத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. வைத்தால் டவுன் பஸ்ஸும் தேங்காய் ஏற்ற வருகிற வண்டியும் போக முடியாது என்று கோட்டப் பொறியாளர் மறுத்துவிட்டார். அப்போது அவர் மேல் கோபம் வந்தது. இப்போது பஸ்ஸில் போகும்போது அவர் சொன்னது சரிதான் என்று படுகிறது. மாதம் முடிந்ததும் நிலைமையைப் பார்த்து நிரந்தர உத்தரவு பிறப்பித்த மாவட்ட ஆட்சியருக்கு எங்கள் எல்லா ஊர்களின் சார்பிலும் நன்றி.

கடைசியாக, நாங்கள் அதிகம் கடன்பட்டிருப்பவர்கள் யார் என்றால், நாலுவழிச் சாலைக்கு ஏறுகிற முக்கில் குடியிருப்பவர்கள். எங்கள் ரோட்டில் குறைந்த லாரி எங்கும் மறைந்துவிடவில்லை, அவர்கள் வாசல் வழியாகத்தான் போகிறது. அந்த ரோடு அகலமானது, வீடுகளும் குறைவு. ஆனாலும் வீடு வீடுதானே. இரண்டு வேகத்தடை, தெருவிளக்கு, நடக்க ஓரத்தில் இடம், இவ்வளவுதான் அவர்கள் கேட்டார்கள். கேட்டு முடிப்பதற்குள் சம்மதமும் சொன்னார்கள். எங்களை அந்த இடத்தில் வைத்திருந்தால் நாங்கள் அவ்வளவு சுலபமாகத் தலையாட்டியிருப்போமா என்பது சந்தேகம்தான். விளக்கு மட்டும் வந்திருக்கிறது. வேகத்தடை இன்னும் வரவில்லை.

வருகிற நவம்பர் 1 கிராம சபையில் அந்த வேகத்தடைக்கும் நடைபாதைக்கும் தீர்மானம் கொண்டுவருகிறோம். அந்த முக்கும் நம் ஊராட்சிதான். அவர்கள் வீடுகள் கொஞ்சம். கையெழுத்து நிறைய வேண்டும். வீட்டுக்கு ஒருவராவது வந்துவிடுங்கள். வெளியூரில் வேலைக்குப் போயிருப்பவர்கள் லீவு சொல்லிவிட்டு வரப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஊர் மக்கள் சார்பில்