நம்ம ஊர் கோர்ட்டுகளைத் தேடிப் போன வருடம்: செயலாளரின் ஆண்டறிக்கை

அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம். ஐப்பசி மழையில் ஒரு கூட்டம் தள்ளிப்போனது தவிர மாதக் கூட்டங்கள் எல்லாம் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேராக இந்த வருடத்தின் பெரிய வேலைக்கு வருகிறேன்: நம்ம குமரி மாவட்டத்துப் பழைய கோர்ட்டுகளின் கதையைச் சேர்ப்பது.

ஆடி மாதக் கூட்டத்துக்கு உறுப்பினர் ஒருவர் தன் தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைக் கேஸ் கட்டைத் துணிப்பையில் கொண்டுவந்தார். அப்போது நாம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்ததால் முழுக்க மலையாளம், தேதி மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டு 1105, அதாவது 1929-30. தமிழ்க் குடும்பம், தமிழ் ஊர், ஆனால் தன் தாத்தா என்ன கேட்டார், கோர்ட் என்ன கொடுத்தது என்று பேரனுக்கே வாசிக்கத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் இந்த வேலையில் இறங்குவது என்று முடிவு செய்தோம்.

ஆங்கிலேய ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ 1811-ல் திருவிதாங்கூரில் ஜில்லா கோர்ட்டுகளை ஏற்படுத்தியபோது அதில் ஒன்று பத்மநாபபுரத்துக்கு வந்தது. பத்மநாபபுரத்தில் இருந்த தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போன பிறகும் கோர்ட் இங்கே வந்ததே, அது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அப்புறம் 1818-ல் நாகர்கோவிலுக்கு வந்த மீட் ஐயரை மிஷனரியாகத்தான் நமக்குத் தெரியும், அவர் கொஞ்ச காலம் இங்கே சிவில் நீதிபதியாகவும் உட்கார்ந்திருக்கிறார். மிஷன் தலைமைக்கு அது பிடிக்காததால் பதவியை விட்டுவிட்டார்.

கூட்டத்தில் அதிகம் பேசப்பட்டவர் அன்னா சாண்டி. அந்தக் கேஸ் கட்டு எழுதப்பட்ட அதே காலத்தில், 1929-ல், வக்கீலாகப் பதிந்தவர். திருவிதாங்கூரின் மக்கள் பிரதிநிதிகள் சபையான ஸ்ரீமூலம் சபைக்கான தேர்தலில் 1931-ல் நின்று கேவலமான அவதூறுகளுக்கு நடுவே தோற்று, மறு வருடமே திரும்ப நின்று ஜெயித்தவர். 1937-ல் முன்சீப், அதாவது கீழ்க்கோர்ட் சிவில் நீதிபதி ஆனார், இந்தியாவின் முதல் பெண் நீதிபதி. 1948-ல் மாவட்ட நீதிபதி, 1959-ல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதி. இவரைக் கேரளத்துக்காரர் என்று ஒதுக்கிவிடுகிறோம். 1937-ல் தோவாளையும் விளவங்கோடும் அதே சமஸ்தானம்தானே, அவர் நம்ம ராஜ்ஜியத்து முன்சீப்தான் என்று ஓர் அக்கா எழுந்து சொன்னதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அவர் சொன்னதுதான் சரி. இன்னொரு கேரளப் பெண் நீதிபதியான பாத்திமா பீவி முன்சீப் ஆனது 1958-ல், அதற்குள் நாம் தமிழ்நாட்டுப் பக்கம் வந்துவிட்டோம். பின்னாளில் உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகி, நம்ம கவர்னராகவும் வந்தார்.

அப்பீல் போன வழியைப் பாருங்கள். 1887-ல் சமஸ்தான உயர்நீதிமன்றம் அமைந்தபோது முதல் தலைமை நீதிபதி ராமச்சந்திர ஐயருக்கு வயது 35, அப்போது நம்மவர்கள் திருவனந்தபுரம் போனார்கள். 1949-ல் எர்ணாகுளம். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நம்ம நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோடு இணைந்ததும் சென்னை. ஒரு அப்பீலுக்காக இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய் ராத்தங்கி, வக்கீலைப் பார்த்து, வாய்தா என்று கேட்டுத் திரும்பிய கதைகளை மூத்த உறுப்பினர்கள் சொல்லக் கேட்டோம், அதற்கு விற்ற தென்னந்தோப்புகளும் உண்டு. 2004 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வந்த பிறகுதான் காலையில் போய் ராத்திரி வீடு திரும்ப முடிந்தது.

இரண்டு மாநில வரலாற்றிலும் நாம் ஓரத்தில்தான் இருக்கிறோம், அதனால் நம்ம கோர்ட் கதையை நாம்தான் சேர்க்க வேண்டும். பழைய பதிவேடுகளைப் பார்க்க ஓர் அலுவலகத்துக்கு இரண்டு முறை எழுதினோம், பதில் வரவில்லை, மறுபடி எழுதுவோம். குழித்துறை, இரணியல், பூதப்பாண்டி கோர்ட்டுகள் பற்றி இன்னும் தொடவே இல்லை. நாகர்கோவில் கோர்ட் வக்கீலாக இருந்து, தமிழ்நாட்டோடு இணையும் போராட்டத்தை நடத்திய மார்ஷல் நேசமணிக்கு ஒரு முழுக் கூட்டம் பாக்கி.

தை மாதத்திலிருந்து ஞாயிறுதோறும் மலையாளம் வாசிக்கும் வகுப்பு தொடங்குகிறது. வீட்டில் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ பிரமாணம் (பத்திரம்), விதி நகல் (தீர்ப்பு நகல்), வக்கீல் கடிதம் எது கிடந்தாலும் கொண்டுவாருங்கள், போட்டோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தருவோம். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள்.