டிஸ்க் போடும் மாடலையே வாங்கும்மா

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ சொன்னதே மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. சம்பளத்தில் மிச்சம்பிடித்து, முதல்முறையாகச் சொந்தக் காசில் பிளேஸ்டேஷன் 5 கேம் மெஷின் வாங்கப் போகிறாய். டிஸ்க் டிரைவ் இல்லாத மாடல் விலை குறைவு, அதையே எடுத்துவிடலாம் என்றாய். அதற்குள் யாரோ உன்னைக் கூப்பிட, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டாய். அப்போது சொல்ல வந்ததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

யானை வாங்கும் காசு ஒரே நாளில் போய்விடும். தீனிக்குப் போகும் காசு யானை இருக்கும்வரை போய்க்கொண்டே இருக்கும். கன்சோலும் அப்படித்தான். டிரைவ் இல்லாத மாடலுக்குக் கேம் வந்துசேர ஒரே வாசல், அதைத் தயாரிக்கும் சோனி கம்பெனியின் ஆன்லைன் ஸ்டோர். அங்கேயும் தள்ளுபடி வரும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வாங்கிய கேம் உன் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். விற்க முடியாது, தோழிக்கு இரவல் கொடுக்க முடியாது. டிஸ்க் என்றால் பழையதாக வாங்கலாம், முடித்ததும் விற்றுவிட்டு அந்தக் காசில் அடுத்ததை வாங்கலாம். மெஷின் விலையில் இன்று மிச்சமாகிறது என்று நீ நினைக்கும் தொகை, நாலைந்து கேமுக்குள் கரைந்துவிடும்.

அவசரத்தில் ஏற்கனவே வாங்கிவிட்டாய் என்றாலும் கவலைப்படாதே. 2023 கடைசியில் வந்த ஒல்லி மாடலாக இருந்தால் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். 2020இல் வந்த முதல் டிஜிட்டல் மாடலில் அந்த வசதி கிடையாது. யாராவது செகண்ட் ஹேண்டில் மலிவாகத் தருகிறேன் என்றால், எந்த மாடல் என்று முதலில் கேள். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் பக்கம் போனாலும் இதே கதைதான். அதில் சீரிஸ் எஸ் என்ற மாடலில் டிரைவும் இல்லை, பின்னால் மாட்டவும் வழியில்லை.

2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் வருவதற்கு முன்னால், பழைய டிஸ்க்கை விற்பதற்கும் இரவல் கொடுப்பதற்கும் கட்டுப்பாடு வைக்கப் போகிறோம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விளையாடுகிறவர்கள் போட்ட சத்தத்தில் சில வாரங்களிலேயே அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அவ்வளவு பேர் சத்தம் போட்டுக் காப்பாற்றிய உரிமையை, கொஞ்சம் விலை குறைகிறது என்பதற்காக நாமே விட்டுக்கொடுப்பதா என்றுதான் எனக்கு ஆதங்கம்.

நம் நீல அட்டை நோட்டு ஞாபகம் இருக்கிறதா? வாங்கிய தேதி, முடித்த தேதி, விற்ற தேதி என்று ஸ்கேல் வைத்து நீ கோடு போட்டது. நேற்று போனை வைத்த பிறகு அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் ஒன்பது கேம் இருக்கிறது. நான்குக்குத்தான் முடித்த தேதி உண்டு. மீதி ஐந்துக்கு நடுக்கட்டம் வெறுமையாகக் கிடக்கிறது. அந்த ஐந்தும் எவை தெரியுமா? எல்லாமே பண்டிகைத் தள்ளுபடியில் பாதி விலைக்கு நான் அள்ளிப்போட்டவை. முழுசாக முடித்த நான்கும் நீயும் நானும் மாதக்கணக்கில் பேசிப் பேசி, இதுதான் வேண்டும் என்று தேர்ந்தெடுத்து வாங்கியவை. விலையை மட்டும் பார்த்து வாங்கியபோதெல்லாம் பணம் வீணாகியிருக்கிறது. அதனால் கையில் இருப்பது முடியும்வரை அடுத்ததை விஷ்லிஸ்டில் போட்டுவை. விலை இறங்கினால் ஸ்டோரே உனக்குச் சொல்லும்.

காத்திருப்பதில் லாபம் விலையில் மட்டும் இல்லை. சைபர்பங்க் 2077 கேமை எடுத்துக்கொள். 2020 டிசம்பரில் வந்த புதிதில் பழைய கன்சோல்களில் ஓடவே திணறியது. சோனி அதைத் தன் ஸ்டோரிலிருந்தே எடுத்துவிட்டது. ஆறு மாதம் கழித்துத்தான் திரும்ப வைத்தார்கள். 2023இல் கூடுதல் கதையும் சேர்ந்த முழுப் பதிப்பு வந்தது. முதல் நாளே வாங்கியவர்கள் முழு விலை கொடுத்துப் பிழைகளோடு மல்லுக்கட்டினார்கள். பொறுத்தவர்களுக்குத் திருத்திய கேம் கிடைத்தது. முன்பதிவு என்ற பேச்சே உனக்கு வேண்டாம். டவுன்லோடுக்கு ஸ்டாக் தீர்ந்துபோகும் பயம் ஏது? காத்திருந்தால் விலை இறங்கும் என்பதற்கு நிண்டெண்டோ கம்பெனி மட்டும் விதிவிலக்கு. அவர்கள் சொந்தமாகத் தயாரிக்கும் கேம்களின் விலை வருஷக்கணக்கில் இறங்காமல் நிற்கும். ஆனால் அதே காரணத்தால் டிஸ்க்குக்குப் பதிலாக அவர்கள் தரும் கார்ட்ரிட்ஜை விற்கும்போதும் நல்ல விலை கிடைக்கும். ஒன்றைக் கவனி: பெட்டிக்குள் கார்ட்ரிட்ஜ் இல்லாமல், டவுன்லோடு செய்வதற்கான ரகசியக் குறியீடு எழுதிய காகிதம் மட்டும் இருக்கிறதா என்று அட்டையில் பார். அந்தக் குறியீட்டை ஒருமுறை பயன்படுத்திவிட்டால் அப்புறம் அதை விற்க முடியாது.

பழைய டிஸ்க் வாங்கும்போது நான் பட்ட அடி உனக்கு வேண்டாம். ஒருமுறை பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் வாங்கி வந்தேன். இன்ஸ்டால் எழுபது சதவீதத்தைத் தாண்டவே இல்லை. எத்தனை முறை துடைத்துப் போட்டாலும் அதே இடத்தில் நின்றது. திருப்பிக் கொடுக்கப் போனால், விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். அதிலிருந்து டிஸ்க்கை விளிம்பில் பிடித்து, விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை. நடுவிலிருந்து வெளியே ஓடும் மயிரிழைக் கீறல்களுக்குப் பெரிதாகப் பயப்படத் தேவையில்லை. வட்டத்தோடு வட்டமாக வளைந்து போகும் கீறல்தான் ஆபத்து. தகவல் பதிந்திருக்கும் தடமும் அதே திசையில் ஓடுவதால், தொடர்ந்து ஒரு நீளத்தையே அது மறைத்துவிடும். இந்த கேம்கள் வரும் புளூ-ரே வகை டிஸ்க்கில் அந்தத் தடம் பதிந்த படலம் மேற்பரப்புக்கு வெறும் 0.1 மில்லிமீட்டர் கீழேதான் இருக்கிறது. துடைத்தாலும் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடை, சுற்றிச் சுற்றித் துடைக்காதே. கடையில் ஒரு மெஷினில் இன்ஸ்டால் பண்ணிக் காட்டச் சொல். இந்தக் காலத்து கன்சோல் டிஸ்க்கில் இருப்பதை உள்ளே நகல் எடுத்துக்கொண்டு அதிலிருந்துதான் ஓடும், அப்புறம் டிஸ்க் கேட்பது அது உன்னிடம் இருக்கிறது என்பதற்குச் சாட்சியாகத்தான். இன்ஸ்டால் முழுதாக முடிந்தால் டிஸ்க் தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சந்தா பற்றிக் கேட்டாய். பிளேஸ்டேஷன் பிளஸ் 2022 முதல் மூன்று அடுக்காக இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய கேமை ஆன்லைனில் மற்றவர்களோடு ஆட, கீழ் அடுக்கே போதும். ஃபோர்ட்நைட், ராக்கெட் லீக் மாதிரி இலவச கேம்களுக்கு அதுகூட வேண்டாம். மாதாமாதம் தரும் கேம்களை உன் கணக்கில் சேர்த்துக்கொள், ஆனால் அவை சந்தா இருக்கும்வரைதான் திறக்கும். பெரிய அடுக்கு வேண்டுமென்றால் நீண்ட விடுமுறை வரும் மாதத்தில் ஒரே ஒரு மாதத்துக்குப் போடு, ஆசை தீர விளையாடு. போட்ட அன்றைக்கே தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்துவிடு. அப்படிச் செய்யாமல் பதினோரு மாதம் என் கார்டிலிருந்து பணம் போனது, அத்தனை மாதமும் நான் அதில் ஒன்றையும் தொடவில்லை. உன் சித்தப்பாவின் திருமணச் செலவுக் கணக்கு பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது.

ஸ்டோரில் வாங்கியே ஆகவேண்டிய கேமும் சில இருக்கும். அப்போது முதலில் டெமோ இருக்கிறதா என்று பார். வாங்கிய பிறகு மனசு மாறினால் பிளேஸ்டேஷன் ஸ்டோரில் பதினான்கு நாளுக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், ஆனால் டவுன்லோடு ஆரம்பித்திருக்கக் கூடாது. அதனால் தானாக டவுன்லோடு ஆகும் வசதியையும் அணைத்துவை. ஸ்டோர்களுக்கும் ஆயுள் உண்டு. நிண்டெண்டோவின் பழைய மெஷின்களான 3டிஎஸ், வீ யூ இரண்டின் ஆன்லைன் கடைகளையும் 2023 மார்ச்சில் மூடினார்கள். எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில் மூடியது. வாங்கியவற்றை மறுபடி இறக்கிக்கொள்ள விட்டார்கள், புதிதாக வாங்கத்தான் வழி இல்லை. அந்த மெஷின்களுக்கு இன்று ஒரு கேம் வேண்டுமென்றால் பழைய டிஸ்க்கையும் கார்ட்ரிட்ஜையும்தான் தேடிப் போகவேண்டும்.

பார்சலில் அந்த நீல நோட்டை வைத்திருக்கிறேன். பின்பக்கங்கள் காலியாகத்தான் இருக்கின்றன. கூடவே விட்சர் 3 கேமின் டிஸ்க்கும் இருக்கிறது. 2015இல் வந்ததை, நீ கல்லூரியில் இருந்தபோது இரண்டு கூடுதல் கதைகளும் சேர்ந்த பதிப்பாகப் பழையது வாங்கினோமே, அதேதான். விற்ற தேதிக் கட்டத்தில் அதற்கு மட்டும் எதுவும் எழுத எனக்கு மனசு வரவில்லை. அது பிளேஸ்டேஷன் 4 டிஸ்க். ஆனால் 2022 டிசம்பரிலிருந்து பிளேஸ்டேஷன் 5 பதிப்பை அந்த டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு இலவசமாகவே தருகிறார்கள். ஒரே நிபந்தனை, டிஸ்க்கை உள்ளே போடவேண்டும்.

டிரைவ் உள்ள மாடலா என்று பெட்டியைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
அப்பா