"மிகவும் பிரயாசப்பட்ட" உங்களுக்கு ஒரு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களுக்கு,

நம் ஆண்டவரும் இரட்சகருமாகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

ஏழைகளையும் நோயாளிகளையும் விதவைகளையும் விசாரிக்கும் சபை உதவிக் குழுக்களுக்கான கையேடு அச்சுக்குப் போய்விட்டது. நற்கிரியைகளைச் செய்துகொண்டே தேவனைச் சார்ந்திருப்பது எப்படி என்பதுதான் அதன் பொருள். அதற்கு உதவிய உங்களில் பலர், "எங்கள் பெயரைப் போட வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டீர்கள். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்ற மத்தேயு 6:3 உங்கள் பக்கம் இருக்கிறது. ரோமர் 16 எங்கள் பக்கம். மனுஷன் கிரியைகளினால் நீதிமானாவதில்லை என்று அத்தனை அதிகாரங்கள் வாதாடிய அதே பவுல், அதே நிருபத்தின் முடிவில், உழைத்தவர்களைப் பேர்பேராகச் சொல்லி வாழ்த்துகிறார்: "எங்களுக்காக மிகவும் பிரயாசப்பட்ட மரியாளை வாழ்த்துங்கள்." கிருபையைப் பிரசங்கித்தவருக்கு உழைப்பைப் பாராட்ட வாய் கூசவில்லை. ஆகவே பெயர்களை விட்டுவிட்டோம், நீங்கள் செய்ததை விடவில்லை.

முதல் நன்றி, சபைச் சரித்திரம் படித்துத் தந்த மூத்த போதகர் ஐயாவுக்கு. கையேட்டின் முதல் வரைவு, ஜெபத்தை ஒரு தட்டிலும் கிரியையை மறு தட்டிலும் வைத்து முள்ளை நடுவில் நிறுத்தப் பார்த்தது. ஐயா அதன் ஓரத்தில் "ஹைடல்பெர்க் வினாவிடையைப் பாருங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தார். 1563-இல் ஜெர்மனியில் வந்த அந்தப் புரொட்டஸ்டண்ட் ஞானோபதேசத்தில், அதாவது கேள்வி பதிலாக விசுவாசத்தைக் கற்பிக்கும் நூலில், 129 கேள்விகள். மனுஷனுடைய நிர்ப்பந்தம், அவனுடைய மீட்பு, அவன் காட்ட வேண்டிய நன்றி என்று மூன்று பாகம். 86-ஆம் கேள்வியில் தொடங்கும் மூன்றாம் பாகத்தில்தான் நற்கிரியைகள் வருகின்றன, பத்துக் கட்டளைகள் வருகின்றன, கர்த்தருடைய ஜெபமும் வருகிறது. 116-ஆம் கேள்விக்கான பதில், ஜெபமே நன்றியின் பிரதான பங்கு என்கிறது. பசித்தவனுக்குச் சோறு போடுவதும் முழங்கால் போடுவதும் அங்கே எதிரெதிர்த் தட்டுகள் அல்ல. பெற்ற இரட்சிப்புக்கு நன்றி சொல்லும் இரண்டு விதங்கள் அவை. இதைப் பார்த்தபின் கையேட்டின் அமைப்பே மாறிவிட்டது. "எத்தனை மணிநேரம் ஜெபம், எத்தனை மணிநேரம் வேலை" என்ற அட்டவணையைத் தூக்கிவிட்டோம். பிலிப்பியர் 2:12-13-ஐ அதன் இடத்தில் வைத்தோம்: இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள், ஏனெனில் விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே. அந்த "ஏனெனில்" போய்விட்டால் முன்பாதி வெறும் அதட்டலாகவும் பின்பாதி சோம்பேறிக்குத் தலையணையாகவும் ஆகிவிடும்.

பவுலையும் யாக்கோபையும் மோதவிடாமல் காத்த வேதபாட ஆசிரியை அக்காவுக்கு அடுத்த நன்றி. மனுஷன் நீதிமானாக்கப்படுவது "விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்" என்ற யாக்கோபு 2:24-ஐப் படித்து, இது பவுலுக்கு எதிராயிற்றே என்று மிரளுகிறவர்களுக்கு அவர் சொல்லித்தந்த வழி, ஆபிரகாமின் வயதைக் கணக்கிடுவது. இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு 86 வயது. "அவன் கர்த்தரை விசுவாசித்தான்" என்ற ஆதியாகமம் 15:6 அதற்கு முந்தியது. விருத்தசேதனம் 99-ஆம் வயதில். ஈசாக்கு பிறந்தது 100-இல். ஈசாக்கைப் பலியிடக் கொண்டுபோன மோரியா மலை, அவன் விறகு சுமக்கும் அளவுக்கு வளர்ந்தபின். ரோமர் 4-இல் பவுல், ஆபிரகாம் விசுவாசித்த அந்த ஆதியாகமம் 15:6-இல் நின்று, விருத்தசேதனத்துக்கு முன்பே நீதி எண்ணப்பட்டது என்கிறார். யாக்கோபு, குறைந்தது 15 ஆண்டுகளுக்குப் பின் வந்த மலையில் நின்று, அந்த விசுவாசம் உயிரோடிருந்ததைக் காட்டுகிறார். யாக்கோபு 2:23-இலும் ஆதியாகமம் 15:6 மேற்கோளாக இருக்கிறது, தெரியுமா? இருவரும் ஒரே வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறார்கள்.

"இது புரொட்டஸ்டண்ட் சண்டை, எங்களுக்கு எதற்கு" என்று கேட்கக்கூடிய கத்தோலிக்க நண்பர்களுக்காக ஒரு பத்தி எழுதித் தந்த சகோதரருக்கும் நன்றி. 1547-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் தன் ஆறாவது அமர்வில், நீதிமானாக்கப்படுதலைப்பற்றி, அதாவது மனுஷன் தேவனுக்குமுன் நீதிமானாவது எப்படி என்பதைப்பற்றித் தீர்மானம் இயற்றியது. பின்பு 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் சம்மேளனமும் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. நம்முடைய தகுதியினால் அல்ல, கிருபையினால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், அப்படி ஏற்கும் ஆவியானவரே நற்கிரியைகளுக்கு நம்மை ஆயத்தப்படுத்தி அழைக்கிறார் என்பது அதன் சாரம். 2006-இல் மெதடிஸ்டுகளும் அதில் இணைந்தார்கள். எல்லா வேறுபாடும் தீர்ந்துவிட்டதென்று அதற்கு அர்த்தமில்லை. ஒரே அடுப்பில் சேர்ந்து சமைக்க அது போதும்.

இப்போது கையேட்டின் நடுப்பகுதிக்கு வருகிறோம். அதிகம் பயன்படப்போவது இதுதான் என்று நம்புகிறோம். தேவைப் பட்டியலைத் தாளில் மூன்று கட்டம் போட்டுப் பிரித்தெழுதும் முறையைத் தந்த டீக்கன் அண்ணனுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். முதல் கட்டம், நம் கையில் இருப்பது. இரண்டாவது, வேறொருவர் கையில் இருப்பது: மருத்துவர், குடும்பத்தார், அரசு அலுவலகம். மூன்றாவது, தேவன் ஒருவரே செய்யக்கூடியது. அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய ஒரு தாயாரை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் மதியச் சாப்பாடு முதல் கட்டம். தையல் வீங்கியிருக்கிறதே என்ற கேள்வி இரண்டாம் கட்டம். எண்ணெய் பூசி ஜெபித்தாலும் மருத்துவரிடம் அனுப்பியே ஆக வேண்டும். சுகமும், வீட்டை விட்டுப்போன மகனுடைய மனம் திரும்புதலும் மூன்றாம் கட்டம். ஒரே ஆளின் பெயர் மூன்று கட்டத்திலும் வரும். மூன்றையும் ஜெபத்தில் வைக்க வேண்டும். ஆனால் முதல் கட்டத்தில் எழுதிய ஒவ்வொன்றுக்கும் எதிரே யார், எந்த நாள் என்று எழுதாமல் "ஆமென்" சொல்லக் கூடாது.

கோளாறு எங்கே வருகிறது என்பதையும் அண்ணனே காட்டினார். முதல் கட்டத்துச் சாப்பாட்டை மூன்றாம் கட்டத்துக்குத் தள்ளி, "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்வது ஒரு வகை. "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் மட்டும் சொல்கிறவனை யாக்கோபு கண்டிப்பது இதைத்தான். மறுவகை வெளியே தெரியாது, அதனால் அதிகக் கேடு செய்யும். மகன் திரும்புவதை ஊழியர் தன் முதல் கட்டத்தில் எழுதிக்கொள்கிறார். ஓயாமல் போன் செய்கிறார், கெஞ்சுகிறார், பணம் கொடுத்துப் பார்க்கிறார். அவன் அசையவில்லை. சில மாதங்களில் அவனையும், அவன் தாயையும், கடைசியில் தேவனையும் கோபித்துக்கொள்கிறார். மனசாட்சியோடு உழைக்கிறவர்கள்தான் இந்தக் குழியில் விழுகிறார்கள். சோம்பேறிகள் ஒருநாளும் விழுவதில்லை.

வீடு சந்திக்கும் முறையை எழுதிய இரு சகோதரிகளுக்கு நன்றி. கர்த்தர் சீஷரை அனுப்பினதுபோல் இரண்டிரண்டு பேராகப் போங்கள். அரைமணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள். முதலில் கேளுங்கள், பேசுவது அப்புறம். "ஜெபிக்கலாமா?" என்று அனுமதி கேளுங்கள், மூன்று நிமிடத்துக்குள் முடியுங்கள். ஜெபம் என்ற பெயரில் அவர்களுக்குப் பிரசங்கம் பண்ணாதீர்கள். கொண்டுபோன பொருளை ஆராதனைக்கு வருவதோடு முடிச்சுப் போடாதீர்கள். படம் எடுக்காதீர்கள். குறிப்பு எழுதுவதென்றால் வெளியே வந்து எழுதுங்கள். வாராவாரம் போகும் உதவியை ஆறு வாரத்துக்கு ஒருமுறை அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள். பேசாமல் நீட்டிக்கொண்டே போனால் வாங்குகிறவர் கூனிப்போவார், கொடுக்கிறவர் எஜமானாகிவிடுவார். கலாத்தியர் 6-ஆம் அதிகாரம் "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்றும், அடுத்த மூச்சில் "அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே" என்றும் சொல்வதை அவர்கள் பக்கத்துப் பக்கத்தில் அச்சிடச் சொன்னார்கள். அச்சிட்டிருக்கிறோம்.

கணக்கர் ஐயா இல்லாவிட்டால் பண அத்தியாயம் வெறும் உபதேசமாக முடிந்திருக்கும். விசுவாசத்தினால் நடக்கும் ஊழியத்துக்குக் கணக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு அவர் காட்டும் ஆள் ஜார்ஜ் முல்லர். 1836-இல் பிரிஸ்டல் நகரில் அநாதை இல்லம் திறந்த அவர், மனுஷரிடம் பணம் கேளாமல் ஜெபத்தில் மட்டும் கேட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். வந்ததையும் செலவழிந்ததையும் ஆண்டறிக்கையாக அச்சிட்டுக்கொண்டிருந்தார் என்பதை ஏனோ சாட்சி சொல்கிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். பவுலும் எருசலேமுக்கான தர்மப்பணத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஒருவனும் குற்றப்படுத்தாதபடி எச்சரிக்கையாயிருக்கிறோம் என்று 2 கொரிந்தியர் 8:20-இல் எழுதி, கூடவே வேறு சகோதரரையும் அனுப்புகிறார். அதனால் கையேடு சொல்வது: காணிக்கையை எண்ணும்போது உறவினரல்லாத இருவர் இருக்க வேண்டும், எண்ணிய இடத்திலேயே இருவரும் கையெழுத்திட வேண்டும், மாதம் ஒருமுறை மூன்றாமவர் சரிபார்க்க வேண்டும்.

அதே 2 கொரிந்தியர் 8-இல், தர்மப்பணத்தைப்பற்றிப் பேசும்போது, பவுல், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த அப்பமாகிய மன்னாவை இழுப்பதைக் கண்டுபிடித்தவர் வாலிபர் குழுவில் ஒருவர். தம்பி, உனக்குத் தனி நன்றி. யாத்திராகமம் 16-இல் மன்னா பொழிவது முழுக்கத் தேவ செயல். ஆனாலும் வெயில் ஏறுமுன் எழுந்து போய்ப் பொறுக்கியாக வேண்டும், ஏறினால் உருகிவிடும். அளவு தலைக்கு ஒரு ஓமர், ஏறக்குறைய இரண்டு லிட்டர். நாளைக்கென்று பதுக்கினால் பூச்சிபிடித்து நாறும். ஆறாம் நாளில் இரண்டு ஓமர் எடுத்து வைத்தாலோ நாறுவதில்லை. ஏழாம் நாளில் கூடையோடு வெளியே போனவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எழும்பாதவனும் பட்டினி, பதுக்குகிறவனும் பட்டினி, ஓய்வுநாளில் ஓடுகிறவனுக்கும் வெறுங்கூடை. உதவிக் குழுவின் வாரத்தை இந்த ஒரு அதிகாரத்தை வைத்தே அமைத்துவிடலாம், அமைத்தும் இருக்கிறோம்: ஒருநாள் முழு ஓய்வு, அன்றைக்கு உதவிக் குழுவின் போனைக்கூட வேறொருவர் வைத்திருப்பார்.

சோர்வைப்பற்றிய பக்கங்களைத் திருத்திய செவிலியர் அம்மாவுக்கு நன்றி சொல்லாமல் முடிக்க முடியாது. 1 இராஜாக்கள் 19-இல் தீர்க்கதரிசியாகிய எலியா சூரைச்செடியின்கீழ் சாகக் கேட்கிறான். தேவதூதன் முதலில் கொடுத்தது தழலில் சுடப்பட்ட அடையும் தண்ணீரும். மறுபடி தூக்கம். மறுபடி சாப்பாடு. "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி ஓரேப் மலைக்குப் போனபின்தான் வருகிறது. "நான் ஒருவன்மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்றவனுக்கு பாகாலை வணங்காத ஏழாயிரம் பேர் இருப்பது அதற்கும் பின்புதான் சொல்லப்படுகிறது. சோர்ந்துபோன ஊழியரிடம் "ஜெபம் குறைந்துவிட்டதா?" என்று கேட்குமுன் "தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா?" என்று கேட்கச் சொன்னது அவர்தான். கவனிக்க வேண்டிய அறிகுறிகளையும் அவரே எழுதினார்: உதவி வாங்குகிறவர்களைப்பற்றிக் கேலியாகப் பேசுவது, தன் வேலையை யாருக்கும் கற்றுத்தராமல் வைத்துக்கொள்வது, நன்றி சொல்லாதவர்களின் பெயரை ஞாபகம் வைத்திருப்பது, ஜெபக் கூட்டத்தில் வேலைப் பட்டியலை ஓட்டிக்கொண்டிருப்பது. இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் ஒரு மாதம் விடுப்பு. அது தண்டனை அல்ல என்று சபையில் சொல்லிவிட்டுத்தான் விடுப்பு கொடுக்க வேண்டும்.

படுக்கையிலிருந்தபடியே எங்கள் பட்டியலை வைத்து ஜெபித்துவந்த தாய்மார்களே, உங்களை "ஜெப ஆதரவு" என்று கடைசி வரியில் போடவே மாட்டோம். லூக்கா 10-ஆம் அதிகாரம், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்காக இரண்டு பணத்தை எடுத்துச் சத்திரக்காரனிடம் கொடுத்த சமாரியனையும், இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்த மரியாளையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறது. மரியாளைக் காட்டிச் சமாரியனை உட்கார வைக்கவும் முடியாது, சமாரியனைக் காட்டி மரியாளை எழுப்பவும் முடியாது. உங்களுக்கு அனுப்பும் பட்டியலில் இனி நடந்ததையும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறோம். பதில் வந்ததா என்று தெரியாமலே ஜெபிக்க வைப்பது நியாயமில்லை.

கையேட்டின் பின்புறம் மூன்று கட்ட அட்டவணை வெறுமையாக இருக்கிறது, பிரதியெடுத்துக்கொள்ளலாம். முதல் கட்டம் மட்டும் மற்ற இரண்டையும்விடச் சிறியதாக இருக்கிறதே என்று அச்சகத்துச் சகோதரர் கேட்டார். வேண்டுமென்றேதான் அப்படி வைத்தோம். அதைப் பொறுமையாக மூன்று முறை மாற்றி அடுக்கிக் கொடுத்த அவருக்கும் நன்றி.

கிறிஸ்துவின் பணியில்,
கையேட்டுக் குழுவினர்