நசுங்கிய டிரக் பெட் படம் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

டிரக் பெட்டின் (பின்னால் இருக்கும் சரக்குத் தொட்டி) இரண்டு பக்கச் சுவரும் நசுங்கி, டெயில்கேட் (தொட்டியின் பின்கதவு) மடங்கி, அதன் மேல் ஃபிப்த் வீல் டிரெய்லரின் (முன்பக்கம் பெட்டின் மேல் வந்து மாட்டிக்கொள்ளும் டிரெய்லர்) மூக்கு உட்கார்ந்திருக்கிற படம் உங்களில் பலருடைய போனுக்கும் வந்திருக்கும். "இவங்க மாட்டின ஹிட்ச் தானா திறந்துக்கிச்சு" என்று கூடவே ஒரு வரி. படம் உண்மைதான், அந்த டிரக்குக்கு ஹிட்ச் (டிரெய்லரை டிரக்கோடு பிணைக்கும் கருவி) பொருத்தியதும் நாங்கள்தான், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்த ஒரு வரி உண்மையில்லை. எங்களிடம் நேரில் கேட்கச் சங்கடப்பட்டுக்கொண்டு பலர் வேறு இடங்களில் விசாரிப்பதாகத் தெரிகிறது, அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

டிரக் எங்களிடம் வந்ததும் முதலில் ஹிட்சைத்தான் பார்த்தோம். கைப்பிடி பூட்டிய நிலையில் இருந்தது, டிரெய்லரைப் பிடித்துக்கொள்ளும் தாடைகள் மூடியிருந்தன, எதுவும் உடையவில்லை, வளையவில்லை. ஹிட்ச் பொருத்திய பிறகு அந்த டிரக்கின் உரிமையாளர் டிரெய்லரை மாட்டியது அதுதான் முதல் தடவை, அதனால் தாடைகளுக்கு உள்பக்கம் நாங்கள் பூசிய கிரீஸ் கலையாமல் அப்படியே இருந்தது. தாடைகளின் மேல்முகத்தில் மட்டும், குறுக்கே, விரல் அகலத்துக்குப் பளபளவென்று ஒரு புதுக் கீறல். தானாகத் திறந்துகொண்ட ஹிட்ச் என்றால் தாடை விரிந்து நிற்க வேண்டும், உள்ளே கிரீஸ் வழிக்கப்பட்டிருக்க வேண்டும். இங்கே கிங்பின் (டிரெய்லரின் அடியில் தொங்கும் தடித்த இரும்பு முளை) தாடைக்குள் போகவே இல்லை. மூடிய தாடையின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, செருப்பை மாட்டாமல் அதன் மேல் ஏறி நிற்கிற மாதிரி. டிரக் கிளம்பியதும் கிங்பின் வழுக்கிப் பின்னால் போய்விட்டது, தாங்க ஆள் இல்லாமல் டிரெய்லரின் முன்பாரம் முழுக்க பெட் மேல் இறங்கிவிட்டது.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெட் நசுங்கி எங்களிடம் வருகிற டிரக்குகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதுதான். கிங்பின்னின் கழுத்து 2 அங்குல விட்டம், அதன் அடியில் கழுத்தைவிட அகலமான ஒரு விளிம்பு. தாடை பிடிக்க வேண்டியது கழுத்தை. டிரெய்லரின் முன்பக்கம் தேவைக்கு மேல் உயரமாக நிற்கும்போது டிரக்கைப் பின்னால் எடுத்தால், அந்த விளிம்பு போய்த் தட்டியதிலேயே தாடை மூடிக்கொள்ளும், கைப்பிடியும் 'டக்' என்று பூட்டிய இடத்துக்கு வந்துவிடும். சத்தம் கேட்டது, கைப்பிடி வந்துவிட்டது, சரி மாட்டிவிட்டது என்று யாருக்கும் தோன்றும். கைப்பிடி பூட்டியிருப்பதை மட்டும் வைத்து எதையும் நம்பக் கூடாது.

மாட்டுவதற்கு முன்பே டிரெய்லரின் அடித்தட்டு ஹிட்ச் தட்டைவிடச் சுமார் அரை அங்குலம் தாழ்வாக இருக்கும்படி டிரெய்லரைத் தாங்கி நிற்கும் முன்கால்களை இறக்கி ஏற்றிச் சரி செய்துகொள்ளுங்கள். அப்போது ஹிட்ச் தட்டு டிரெய்லரைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டேதான் உள்ளே நுழையும், கிங்பின்னுக்கு மேலே ஏற இடம் இருக்காது. பிறகு இறங்கிப்போய், டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு தட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது, கிங்பின்னின் கழுத்தைச் சுற்றித் தாடை மூடியிருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அப்புறம்தான் முக்கியமானது, முன்கால்களைத் தூக்குவதற்கு முன்னால், அவை தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே, டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, டிரக்குக்குள் இருக்கும் டிரெய்லர் பிரேக் கட்டுப்பாட்டைக் கையால் பிடித்துக்கொண்டு, டிரக்கை மெதுவாக முன்னால் இழுத்துப் பாருங்கள். சரியாக மாட்டாமல் இருந்தால் கிங்பின் நழுவும், ஆனால் டிரெய்லரின் கால்கள் தரையில் இருப்பதால் அது கீழே விழாது, பெட் தப்பிக்கும். இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. கால்களை முழுக்கத் தூக்கிவிட்டுச் செய்கிற இழுப்புச் சோதனையால் ஒரு பிரயோஜனமும் இல்லை, சோதனையிலேயே டிரெய்லர் பெட் மேல் விழுந்துவிடும்!

வண்டியை ஒப்படைக்கும்போது இதையெல்லாம் செய்து காட்டித்தான் சாவியைக் கொடுக்கிறோம். அந்த வாடிக்கையாளர் மேல் எங்களுக்குக் கோபம் கிடையாது, நல்ல மனிதர், இருட்டில் அவசரமாக மாட்டியிருக்கிறார், யாருக்கும் நேரலாம். அவருடைய நஷ்டம் பெரியது, அதில் எங்களுக்கும் வருத்தம்தான். கீறலையும் கலையாத கிரீஸையும் அவரையே பக்கத்தில் நிற்க வைத்துக் காட்டினோம். அதன் பிறகும் அந்த வரி சுற்றிக்கொண்டிருப்பதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இன்னொரு முணுமுணுப்பும் காதில் விழுகிறது: "டிரெய்லரைப் பார்க்காமல் ஹிட்ச் உயரத்தை முடிவு செய்ய மாட்டேன் என்கிறார்கள், அலைக்கழிக்கிறார்கள்." ஆமாம், அப்படித்தான் செய்கிறோம். டிரெய்லரின் அடிப்பக்கத்துக்கும் பெட்டின் பக்கச் சுவருக்கும் நடுவில் குறைந்தது ஐந்தரை, ஆறு அங்குல இடைவெளி வேண்டும். சமதளத்தில் நிற்கும்போது நாலு அங்குலம் போதும் போலத்தான் தெரியும். சாலையிலிருந்து வீட்டு வாசல் மேட்டில் ஏறும்போது, அல்லது ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி டிரக் ஒரு பக்கம் சாயும்போது, அந்த நாலு அங்குலம் காணாமல் போய்விடும். உடனே சுவர் மடிப்பில் ஒரு நெளிவு, பெயின்ட் காலி. டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, ஹிட்சைக் கீழே இறக்கிக் கொடுங்கள் என்று கேட்டு வருகிறவர்கள் அதிகம். டிரெய்லர் சமமாக நிற்க வேண்டும் என்பது நியாயம்தான், ஹிட்சை இறக்குவது அதற்கு வழி இல்லை. இடைவெளி குறையும் என்றால் டிரெய்லரின் அச்சுப் பக்கத்தை உயர்த்த வேண்டும், செலவு கூடுதல், அதனால்தான் யாருக்கும் பிடிப்பதில்லை.

பெட்டில் ஓட்டை போடுவது பற்றி: ஓட்டை போடாமல் சில டிரக்குகளில் முடியாது. தொழிற்சாலையிலேயே ஹிட்ச் கால்களுக்கு இடம் வைத்து வந்திருந்தால் எங்களுக்கும் சந்தோஷம்தான். இல்லாதவற்றில், துளை போடும் முன் கீழே படுத்து எரிபொருள் டேங்க், பிரேக் குழாய், ஒயர் எல்லாம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் துரப்பணத்தைக் கையில் எடுக்கிறோம். பெட் தகடு மெல்லியது, அலைமடிப்பு உள்ளது. மடிப்பின் பள்ளத்தில் உலோகத் துண்டு வைக்காமல் போல்ட்டை முறுக்கினால் தகடு அமுங்கி மடிப்பே தட்டையாகிவிடும், பாரம் ஃப்ரேமுக்குப் போவதற்குப் பதில் தகடு மேல் நிற்கும். துளையின் ஓரத்துக்குப் பெயின்ட் அடிக்காமல் விட்டால் துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். 2015 முதல் ஃபோர்டு எஃப்-150 போன்ற டிரக்குகளில் பெட் அலுமினியம், அதன் மேல் இரும்பு நேரடியாக உட்கார்ந்து ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும், நடுவில் தடுப்புப் பூச்சு வேண்டும். பெட்டுக்குள் பிளாஸ்டிக் லைனர் (உள்விரிப்பு) போட்டிருப்பவர்கள் அதை வெட்டாதீர்கள் என்று கெஞ்சுகிறார்கள். ஹிட்ச் கம்பிகளுக்கு அடியில் மட்டுமாவது வெட்டியே ஆக வேண்டும், பிளாஸ்டிக் நாளாக நாளாக அமுங்கும், போல்ட் தளரும், ஹிட்ச் ஆட ஆரம்பிக்கும், ஆடுகிற ஹிட்ச் துளையைப் பெரிதாக்கும். தெளித்துப் பூசுகிற லைனர் என்றால் பிரச்சினை இல்லை.

குட்டை பெட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்தரை அடி பெட்டில் சாதாரண ஹிட்ச் போட்டுவிட்டு இறுக்கமாகத் திரும்பினால் டிரெய்லரின் மூலை கேபினின் பின்கண்ணாடியில்தான் வந்து நிற்கும். நகரும் ஹிட்ச் வாங்குங்கள். கையால் நகர்த்துவதாக இருந்தால், இறுக்கமான இடத்துக்குள் நுழையும் முன்பே பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள், சாலைக்கு ஏறும் முன் மறக்காமல் முன்னால் கொண்டுவந்து பூட்டுங்கள்.

டெயில்கேட்டைத் திறக்க மறந்து பின்னால் எடுப்பவர்களைப் பற்றி எழுதவே வேண்டாம் என்று பார்த்தேன். கழற்றும்போது திறக்காமல் முன்னால் எடுப்பவர்கள் இன்னும் அதிகம். அப்புறம், கிங்பின் வழியாக டிரக் மேல் விழும் எடை டிரெய்லரின் மொத்த எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை இருக்கும், 5,000 கிலோ டிரெய்லர் என்றால் 750 முதல் 1,250 கிலோ. டிரக்கின் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் இருக்கும், டிரக் தாங்கும் எடை அளவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு டிரெய்லர் வாங்குங்கள், வாங்கிய பிறகு எங்களிடம் வந்து கேட்டால் நாங்கள் என்ன சொல்ல முடியும்.

இவ்வளவு நடந்த பிறகும், படத்தைப் பார்த்துவிட்டு "நீங்க செஞ்சது அப்படி இருக்காது" என்று போன் செய்தவர்கள், தங்கள் டிரக்கையே கொண்டுவந்து நிறுத்தி "என் ஹிட்சைப் பாரு, எத்தனை வருஷமா ஓடுது" என்று புதிதாக வந்தவர்களிடம் பேசியவர்கள், உங்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. கடை தொடங்கிய நாளிலிருந்து உங்கள் வாய்வார்த்தையில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது, வேறு விளம்பரம் நாங்கள் செய்ததே இல்லை.

எங்கள் மூத்த மெக்கானிக் சொந்தத் தொழில் தொடங்கப் போய்விட்டார், மனதார வாழ்த்தித்தான் அனுப்பினோம். புது ஆள் பழகும் வரை பொருத்தும் வேலைக்கு முன்பதிவு வேண்டும், முதல் பயணத்துக்குப் பிறகு இலவசமாகச் செய்து கொடுத்த போல்ட் இறுக்கச் சோதனைக்கு அடுத்த மாதத்திலிருந்து சிறு கட்டணம் உண்டு.

முன்பதிவுக்கு அழைக்கும்போது டிரக்கின் மாடல், பெட்டின் நீளம், டிரெய்லர் சமமாக நிற்கையில் தரையிலிருந்து அதன் கிங்பின் இருக்கும் அடித்தட்டு வரை உயரம், இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போனை உடனே எடுக்காவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள், யாராவது ஒருவர் டிரக்குக்கு அடியில்தான் இருப்போம், வெளியே வந்ததும் திருப்பி அழைக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் ஹிட்ச் கடைக்காரர்