டீன் பொறுப்பு ஏற்கப் போகும் நண்பனுக்கு

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் தூத்துக்குடியில் வேலை கிடைத்த செய்தியை வாசித்துச் சொன்னதும் உன் தங்கச்சி அப்போதே உங்கள் வீட்டுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டாள். ரொம்பச் சந்தோஷம். பிள்ளையை இங்கேயும் ஒரு நடை வந்துபோகச் சொல். எல்லாரும் சுகம். எனக்குத்தான் முழங்கால் கொஞ்சம் படுத்துகிறது. மாடி வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். மழை தவறவில்லை. நாம் ஹாஸ்டலிலிருந்து சைக்கிள் மிதித்துப் போய்க் குளிப்போமே, அந்த வண்ணார்பேட்டைப் படித்துறை இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது.

ரெக்டர் ஃபாதர் உன்னை மாணவர் நல டீன் பொறுப்பை ஏற்கச் சொல்கிறார், என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய். ஏற்றுக்கொள். உன்னைப் போல அதிகம் பேசாத ஆள்தான் அந்த இடத்துக்கு வேண்டும். ஆனால் ஏற்பதற்கு முன் சிலதை உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

நம் கத்தோலிக்கக் கல்லூரிகளில் இந்தப் பதவிக்கு ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. பையன் தப்புப் பண்ணினால் ஐடி கார்டை வாங்கி வைத்துக்கொள்வது, "அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வா" என்பது, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிக் கோப்பில் போடுவது, மறுபடியும் மாட்டினால் டிசி. கூலி வேலைக்குப் போகிற தகப்பன் அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு, விளாத்திகுளம் பக்கத்திலிருந்து பஸ் மாறி பஸ் மாறி வந்து, துறைத்தலைவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். தகப்பனை அந்த நிலையில் பார்த்துத் திருந்திய பையன்களை நான் அதிகம் கண்டதில்லை. எதிர்த்தரப்புப் பையன் மேல் வன்மம் கூடுவதைத்தான் கண்டிருக்கிறேன். டிசி இன்னும் மோசம். வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளையைப் பருவத்தின் நடுவில் வேறு எந்தக் கல்லூரி சேர்த்துக்கொள்ளும்? பெரும்பாலும் படிப்பே அத்தோடு நின்றுபோகும். சண்டை மட்டும் அவன் ஊரில் தொடரும்.

சின்ன விஷயங்களுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. முதல் மணி நேரத்தில் தூங்கி விழுகிற பையனைத் திமிர் பிடித்தவன் என்று யாராவது உன்னிடம் அனுப்பினால், முந்தின ராத்திரி எங்கே இருந்தான் என்று கேள். முகூர்த்த நாட்களில் எத்தனையோ பிள்ளைகள் கேட்டரிங் வேலைக்குப் போய்விட்டு விடியக்காலையில் திரும்புகிறார்கள். அது மென்டாரும் நீயும் பேசி முடிக்க வேண்டிய காரியம்.

கஷ்டமானது வேறு. போன வருஷம் எங்கள் விடுதி மெஸ்ஸில் கைகலப்பு நடந்தது. இமானுவேல் சேகரன் நினைவு நாளான செப்டம்பர் 11-உம் தேவர் ஜெயந்தியான அக்டோபர் 30-உம் நம் பக்கத்தில் எப்படிப்பட்ட நாட்கள் என்று உனக்குத் தெரியும். பரமக்குடிக்கும் பசும்பொன்னுக்கும் ஊர்கள் திரளும்போது பிள்ளைகளின் போன் ஸ்டேட்டஸும் சூடாகிவிடுகிறது. ஒருவன் ஒரு பாட்டைப் போட்டான். இன்னொருவன் அதற்குப் பதிலாக வேறொன்றைப் போட்டான். ராத்திரிச் சாப்பாட்டு வரிசையில் தோள் இடித்தது, தட்டுகள் பறந்தன. ஒரு பையனுக்குப் புருவத்துக்கு மேலே தையல்.

அன்று ராத்திரி யாரையும் விசாரிக்கவில்லை. அடிபட்டவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், இரண்டு தரப்பையும் வெவ்வேறு கட்டடத்தில் படுக்க வைத்தோம், அவ்வளவுதான். ராத்திரியில் கேட்டால் பையன் தன் கூட்டாளிகளுக்காகப் பேசுவான். காலையில் தனியாக உட்கார வைத்துக் கேட்டால் தனக்காகப் பேசுவான். மறுநாள் ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்து, நடந்ததை அவரவர் பார்த்தபடி எழுதச் சொன்னோம். மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள் என்றோம். கேட்பதற்கு மூன்று ஆசிரியர்கள் உட்கார்ந்தார்கள். அந்த மூவரைத் தேர்வு செய்யத்தான் அதிக நேரம் ஆனது. நம் ஆசிரியர் அறையிலும் சாதி உட்கார்ந்திருக்கிறது, மாப்பிள்ளை. எந்த சாரிடம் போனால் தன் பக்கம் பேசுவார் என்பது முதலாம் ஆண்டுப் பையனுக்கே தெரியும். இதைப் பார்க்காமல் நீ அமைக்கிற எந்தக் குழுவையும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

கேட்பதற்கு எனக்கு வழிகாட்டி இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் 22-ஆம் பத்திதான். பழைய ஃபாதர்கள் நமக்கு அதை எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள்! அடுத்தவன் சொன்னதைக் கண்டிப்பதைவிட, அதற்கு நல்ல பொருள் கொள்ளவே முந்த வேண்டும். அப்படிப் பொருள் கொள்ள முடியவில்லை என்றால், எந்த அர்த்தத்தில் சொன்னாய் என்று அவனையே கேட்க வேண்டும். அவன் கொண்ட அர்த்தம் தவறென்றால் அன்போடு திருத்த வேண்டும். அந்த வரிசை மாறக் கூடாது என்பது என் அனுபவம். நம்மில் பலர் திருத்துவதிலிருந்து ஆரம்பித்துவிடுகிறோம்.

அப்படிக் கேட்டதில்தான் பாட்டுக்குப் பின்னால் இருந்தது வெளியே வந்தது. தையல் போட்ட பையனைச் சேர்ந்த நாளிலிருந்தே ஒருவன் சாதியைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறான். தண்ணீர் டம்ளர், படுக்கை, குளியலறை என்று எல்லாவற்றிலும். பையன் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு முதலில் கை ஓங்கியவனும் அந்தத் தையல் போட்ட பையன்தான்.

இது தெரிந்ததும் விஷயம் எங்கள் மேசையைத் தாண்டிவிட்டது. 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் பொன் நாவரசு ராகிங்கில் கொலையுண்டது உனக்கு மறந்திருக்காது. அதற்குப் பிறகுதான் 1997-இல் தமிழ்நாட்டு ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) ராகிங் தடுப்பு விதிகள் வந்தன. 2016-இல் அவற்றைத் திருத்தி, சாதி, மதம், நிறம், மொழி, பிறந்த ஊர் போன்றவற்றைச் சொல்லி ஒரு மாணவனை உடலாலோ மனத்தாலோ துன்புறுத்துவதையும் ராகிங் என்று சேர்த்துவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சட்டப்படி குற்றம் என்று தெரியும்போது 24 மணி நேரத்துக்குள் கல்லூரித் தலைவர் போலீசில் புகார் பதிய வேண்டும். இந்த விதிகளை முழுதாக வாசித்துவிட்டுப் பொறுப்பை எடு. அறிவிப்புப் பலகையில் 1800-180-5522 என்ற உதவி எண்ணை ஒட்டுவதோடு முடிந்துவிட்டது என்று நினைக்கிற கல்லூரிகள் இன்னும் இருக்கின்றன.

அதற்குப் பிறகுதான் உண்மையான நெருக்கடி வந்தது. முதல்வர் ஃபாதரைப் பார்க்கப் பங்குப் பெரியவர்கள் வந்தார்கள். நல்ல மனிதர்கள், கோயில் காரியங்களில் முன்னே நிற்பவர்கள். "ஃபாதர், இது கிறிஸ்தவக் கல்லூரி, மன்னிச்சு விடக் கூடாதா? இரண்டு பையன்களையும் கை குலுக்க வைப்போம், போலீஸ் எதுக்கு?" என்றார்கள். மத்தேயு 18-ஆம் அதிகாரத்தையும் எடுத்துக் காட்டினார்கள்: உன் சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியே போய் அவனிடம் சொல்.

இந்த இடத்தில்தான் நான் உன்னிடம் மன்றாடிக் கேட்கிறேன். அந்த வசனம் சரிசமமாக நிற்கும் இரண்டு பேருக்கு அருமையான வழி. அறைத்தோழர்கள், விளையாட்டு அணி, கல்ச்சுரல்ஸ் கமிட்டிச் சண்டை எல்லாவற்றிலும் அதன்படி செய்து பார், பாதிக்கு மேல் உன் மேசைக்கே வராது. ஆனால் மாதக்கணக்கில் நசுக்கப்பட்ட ஒருவனிடம், தொந்தரவுக்கு ஆளான ஒரு பெண்ணிடம், நீயே தனியாகப் போய்ப் பேசு என்று சொல்வது இரண்டாவது அநியாயம். மன்னிப்பு அடிபட்டவன் கொடுக்க வேண்டியது. அதைக் கல்லூரி அவனிடமிருந்து வசூலித்துக் கொடுக்கக் கூடாது. நம்முடைய ஒப்புரவு அருட்சாதனத்தில்கூட மனவருத்தம், அறிக்கை, பரிகாரம் மூன்றும் வேண்டும் என்றுதானே ஞானோபதேசத்தில் படித்தோம்? பரிகாரத்தை விட்டுவிட்டுக் கை குலுக்க வைப்பதை எந்த வேதமும் கேட்கவில்லை.

நாட்டுச் சட்டமும் இதைத் தெளிவாகச் சொல்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டத்தின் 10-ஆம் பிரிவைப் பார். சமரசம் வேண்டும் என்று புகார் கொடுத்த பெண்ணே கேட்டால்தான் உள்ளகப் புகார்க் குழு அதற்கு முயலலாம். பணத்தை அடிப்படையாக வைத்துச் சமரசம் செய்யவே கூடாது. எவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறார்கள் பார்! உன் கல்லூரியில் அந்தக் குழுவின் தலைவி யார், வெளி உறுப்பினர் யார் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொள். அந்தக் குழுவுக்குப் போக வேண்டிய புகாரை நீயோ வார்டனோ "முதல்ல நான் பேசிப் பார்க்கிறேன்" என்று கையில் வைத்துக்கொள்ளக் கூடாது.

பெரியவர்களிடம் இதையெல்லாம் முதல்வர் ஃபாதர் பொறுமையாகச் சொன்னார். அவர்கள் வருத்தத்தோடுதான் போனார்கள். புகார் பதிவானது. ராகிங் தடுப்புக் குழு கேலி செய்தவனை ஒரு பருவம் விலக்கி வைத்தது. முதலில் கை ஓங்கியதற்காகத் தையல் போட்ட பையனுக்கும் தண்டனை உண்டு, சில வாரங்கள் விடுதிக்கு வெளியே. இரண்டு பக்கமும் சேர்ந்து கை கலந்த மற்ற பையன்களை வட்டமாக உட்கார வைத்துப் பேச வைத்தோம். அவர்கள் ஒட்டிக்கொண்டார்கள், இப்போது ஒரே கபடி அணியில் ஆடுகிறார்கள். அந்த இருவரும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. ஆனால் தையல் போட்ட பையன் பயமில்லாமல் மெஸ்ஸுக்கு வருகிறான். இப்போதைக்கு எனக்கு அது போதும்.

இன்னொன்று, கவுன்சிலரை ஒழுங்குக் குழுவில் போடச் சொல்வார்கள். சம்மதிக்காதே. 1983 திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 985-ஆம் விதியை எடுத்து ரெக்டர் ஃபாதரிடம் காட்டு. குருமடத்தின் அல்லது கல்வி நிறுவனத்தின் அதிபர், தன்னோடு அதே இல்லத்தில் தங்கியிருக்கும் மாணவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கக் கூடாது. அவர்களே விரும்பிக் கேட்டால் மட்டும் விதிவிலக்கு. ஆளுகிறவரும் அந்தரங்கம் கேட்பவரும் ஒருவராக இருந்தால் பிள்ளை வாய் திறக்க மாட்டான் என்பது திருச்சபைக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. பொதுநிலையினரான நாம் நடத்துகிற அலுவலகத்துக்கும் அது பொருந்தும்.

சாதி விஷயத்தில் பிள்ளைகளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதே. நாங்குநேரியில் 2023-இல் பள்ளி மாணவன் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்ட பிறகு நீதிபதி சந்துரு குழு அமைந்தது. 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். சாதியைக் காட்டக் கையில் கட்டுகிற வண்ணக் கயிறு வேண்டாம், வகுப்பில் அகர வரிசையில் உட்கார வையுங்கள் என்றெல்லாம் அதில் இருக்கிறது. கயிற்றை அவிழ்க்கச் சொல்கிற நாம், கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிப் பிரிவினை இருந்த பங்குகளிலிருந்து வருகிறவர்கள். 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டுச் சாதிப் பாகுபாட்டைப் பெரும் சமூகப் பாவம் என்று எழுதியது. அதை எங்கள் விடுதிக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் அன்று கேட்ட கேள்விகள் எந்த ஒழுங்கு விசாரணையையும்விட நல்ல பலன் தந்தன.

தண்டனையாகக் கிராமப் பணிக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். கூடாது என்பேன். திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் செப்பர்டு, பாளை சேவியர் கல்லூரியில் ஸ்டாண்டு என்ற திட்டங்களின் பெயரில் கிராமங்களுக்குப் போவதைப் பாடத்திட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள். ஏழை வீட்டு வாசலுக்குப் போவது தண்டனை என்று ஒரு தடவை பிள்ளை கற்றுக்கொண்டால், அத்தனை வருஷ உழைப்பும் வீண். பரிகாரம் செய்த தப்போடு ஒட்டியிருக்கட்டும். மெஸ்ஸில் உடைத்தவன் மெஸ்ஸில் பரிமாறட்டும்.

கல்லூரிக் கையேட்டின் ஒழுங்கு விதிகளைத் திருத்தப் போவதாக எழுதியிருந்தாய் அல்லவா? வரைவை எனக்கு அனுப்பு. ஒரு புகார் யாரிடம் போகும், எத்தனை நாளில் பதில் வரும், முடிவை எதிர்த்து யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்ற மூன்றும் தமிழில், முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். யுஜிசியின் 2023 குறைதீர் விதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுது.

கிறிஸ்மஸ் விடுமுறையில் குடும்பத்தோடு வாருங்கள். வரும்போது மணப்பாறை முறுக்கு வாங்கி வர மறக்க வேண்டாம் என்று உன் தங்கச்சி எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்